முதல் காம்பவுண்ட் வில்: டேப் பிடிப்பதிலிருந்து முதல் அம்பு வரை

“அண்ணே, எழுபது பவுண்டு, முந்நூத்தி முப்பது எஃப்.பி.எஸ்., சும்மா தோட்டா கணக்கா போகும்ணே.” காம்பவுண்ட் வில் விசாரிக்கப் போன் போட்டால் காதில் விழும் முதல் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். உங்கள் கை நீளம் எவ்வளவு என்ற கேள்வி கடைசியில் வரும். பல நேரம் வராமலே போகும். முதல் வில்லில் பணத்தை விடுகிறவர்கள் இந்த வரிசையில்தான் சறுக்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது டிரா லெங்த், அதாவது நாணை எவ்வளவு தூரம் இழுக்கிறீர்கள் என்பது. அடுத்தது பவுண்டேஜ், எவ்வளவு பாரத்தை இழுக்கிறீர்கள் என்பது. அதன்பின் வில்லின் உடல்வாகு. கம்பெனிப் பெயரும் எஃப்.பி.எஸ். என்கிற வேகமும் (அம்பு நொடிக்கு எத்தனை அடி போகும் என்பது) கடைசி வரிசை.

மதுரைப் பக்கம் பெரும்பாலோர் வில்லைக் கூரியரில் வரவழைத்துத்தான் வாங்குகிறார்கள். கிரிக்கெட் மட்டை மாதிரி பத்தை எடுத்து வீசிப் பார்த்து ஒன்றை எடுத்து வரும் கதை இதில் நடக்காது. ஆகவே ஆர்டர் கொடுக்கும் முன்பே உங்கள் அளவுகள் எல்லாம் ஒரு தாளில் எழுதித் தயாராக இருக்க வேண்டும்.

காம்பவுண்ட்தான் வேண்டுமா?

காம்பவுண்ட் வில்லின் சூட்சுமம் இரண்டு முனையிலும் இருக்கும் கேம் என்ற சக்கரங்களில் இருக்கிறது. மையம் விலகிய சக்கரம் அது. அமெரிக்காவின் மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1966-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969-ல் பெற்ற யோசனை. சாதாரண வில்லில் இழுக்க இழுக்கப் பாரம் ஏறிக்கொண்டே போகும். இதில் முதலில் மேடு ஏறுவது போல பாரம் ஏறும், உச்சியில் கொஞ்ச தூரம் அப்படியே நிற்கும், பிறகு சக்கரம் புரண்டதும் சட்டென்று இறங்கி ஒரு பள்ளத்தில் உட்காரும். அந்தப் பள்ளத்துக்கு ஆங்கிலத்தில் வேலி (valley) என்று பெயர். அதன் கடைசியில் சுவரில் முட்டியது போல இழுவை நின்றுவிடும். அதுதான் வால் (wall). பாரம் எவ்வளவு குறைகிறது என்பதற்குப் பெயர் லெட்-ஆஃப். 40 பவுண்டு வில்லுக்கு 75 சதவீத லெட்-ஆஃப் என்றால், முழுதும் இழுத்துக் குறி பார்க்கும் நேரத்தில் கையில் நிற்பது 10 பவுண்டு, சுமார் நாலரை கிலோதான்.

இதனால் சக்கரம் இல்லாத ரீகர்வ் வில்லைவிடக் காம்பவுண்டில் குறி சீக்கிரம் படியும். ஆனால் உச்சியைத் தாண்டும் வரை 40 பவுண்டும் உங்கள் தோள்மேல்தான். லெட்-ஆஃப் இருக்கிறதே என்று பவுண்டேஜைக் கூட்டி வாங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பிள்ளைக்காக வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இந்தியன் ரவுண்ட் என்பது மூங்கில் வில்லுக்கான பிரிவு. காம்பவுண்ட் அதில் செல்லாது. ஒலிம்பிக்கில் இதுவரை ரீகர்வ் மட்டும்தான். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில்தான் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதன்முதலாக வருகிறது. உலக அளவில் நம் ஆட்கள் காம்பவுண்டில் கெட்டிக்காரர்கள்: 2023 பெர்லின் உலக சாம்பியன்ஷிப்பில் அதிதி சுவாமி, ஓஜாஸ் தேவ்தளே இருவரும் தனிநபர் பட்டம் வென்றார்கள், அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஜோதி சுரேகா மூன்று தங்கம் வாங்கினார். எந்தப் பிரிவு என்பதைக் கோச்சிடம் முடிவு செய்துவிட்டு வில்லுக்கு வாருங்கள். முடிந்தால் முதல் இரண்டு மூன்று மாதம் அகாடமி வில்லிலேயே பழகுங்கள். உங்கள் அளவும் அதற்குள் படிந்துவிடும்.

முதல் படி: எந்தக் கண்?

இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கட்டை விரல்களுக்கு நடுவே ஒரு சின்ன முக்கோண ஓட்டை வையுங்கள். இரண்டு கண்ணும் திறந்தபடி அந்த ஓட்டை வழியே தூரத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். ஓட்டையை மெல்ல முகத்துக்கு அருகே கொண்டு வந்தால் அது தானாக ஒரு கண்ணுக்குப் போகும். அதுதான் உங்கள் ஆளும் கண். வலக்கண் என்றால் வலக்கை வில்: இடக்கையில் வில், வலக்கையில் நாண். வலக்கைப் பழக்கமும் இடக்கண்ணும் சேர்ந்து வந்தால் கோச்சிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். காம்பவுண்டின் ரைசர் (கைப்பிடி உள்ள நடுப்பகுதி) வலம் இடம் என்று தனித்தனி வார்ப்பு. பிற்பாடு மாற்றிக்கொள்ள வழியில்லை.

இரண்டாம் படி: டிரா லெங்த்

இந்த ஒரு எண் சரியாக இருந்தால் சுமாரான வில்லும் நன்றாக எய்யும். தப்பாக இருந்தால் எவ்வளவு விலை கொடுத்த வில்லும் உங்களோடு மல்லுக்கு நிற்கும்.

தையல்காரர் வைத்திருக்கும் அங்குல டேப்பும் துணைக்கு ஓர் ஆளும் வேண்டும். சுவரில் முதுகு சாய்த்து நிமிர்ந்து நில்லுங்கள். இரண்டு கையையும் தோள் மட்டத்தில் பக்கவாட்டில் நீட்டுங்கள், உள்ளங்கை முன்னால் பார்க்கட்டும். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளக்க வேண்டும். கையை இழுத்து நீட்டாதீர்கள், நெஞ்சை விரிக்காதீர்கள். ஆசையில் நீட்டினால் ஒன்றரை அங்குலம் கள்ளக் கணக்கு ஏறிவிடும். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். வந்த அங்குலத்தை 2.5-ஆல் வகுத்தால் உங்கள் டிரா லெங்த். சென்டிமீட்டரில் அளந்திருந்தால் 6.35-ஆல் வகுங்கள். 170 செ.மீ. வந்தால் 26.8 அங்குலம், 26½ அல்லது 27 என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டுக்கும் நடுவில் நின்றால் சின்னதையே எடுங்கள். புதியவர்கள் பத்தில் எட்டுப் பேர் எடுப்பது நீளமான வில், குட்டையானது அல்ல. நீளமானால் உடம்பு எப்படிச் சொல்லும் என்றால்: இடுப்பிலிருந்து பின்னால் சாய்வீர்கள், நாண் மூக்கு நுனியைத் தாண்டிப் பின்னால் போகும், அதைத் தொட முகம் பின்னால் சாயும், வில் பிடிக்கும் தோள் காது பக்கம் ஏறும், நாண் முன்கையில் உரசித் தடிப்பு விழும். அம்பு இடம் வலமாகச் சிதறும். குட்டையானால் வில் பிடித்த முழங்கை மடங்கி நிற்கும், நாண் முகத்துக்கு முன்னாலேயே நின்றுவிடும், கழுத்தை நீட்டிப் போய்த் தொடுவீர்கள். மூக்கு நுனியில் நாண் லேசாகத் தொட, தலை நேராக, பின் முழங்கை அம்பின் நேர்கோட்டில் வந்தால் அளவு சரி.

கணக்கில் வந்த எண் ஒரு தொடக்கம்தான். ரிலீசரின் (நாணைப் பிடித்து விடும் கருவி) வகையும் டி-லூப்பின் (ரிலீசரை மாட்ட நாணில் கட்டிய சின்னக் கயிற்று வளையம்) நீளமும் கை நிற்கும் இடத்தை மாற்றும். மணிக்கட்டில் பட்டையாகக் கட்டும் ரிலீசரிலிருந்து கையில் பிடிக்கும் ரிலீசருக்கு மாறினாலே கால் அங்குலம் அரை அங்குலம் வித்தியாசம் தெரியும். ஆகவே அரை அங்குலம் கூட்டிக் குறைக்க முடிகிற வில்லாகவே வாங்குங்கள்.

வில்லில் எழுதியிருக்கும் டிரா லெங்த்தை அப்படியே நம்பாதீர்கள். “27” என்று அச்சடித்த வில் 27½ இழுப்பது சகஜம். நாண் தளர்ந்திருந்தால் இன்னும் கூடும். பார்க்க ஒரு வழி: அம்பு பூட்டி, டார்கெட்டை நோக்கி முழுதும் இழுத்து நில்லுங்கள். கைப்பிடியின் மிக ஆழமான பகுதிக்கு நேர் மேலே அம்பில் துணையாள் பக்கவாட்டில் நின்று மார்க்கரால் கோடு போடட்டும். மெல்ல இறக்கிவிட்டு, அம்பின் நாக் (நாணைக் கவ்வும் பின்முனை) பள்ளத்திலிருந்து அந்தக் கோடு வரை அளந்து 1¾ அங்குலம் கூட்டுங்கள். அதுதான் நிஜ டிரா லெங்த்.

மாட்யூல் விஷயத்தையும் இப்போதே கேட்டுவிடுங்கள். சில வில்லில் கேமில் இருக்கும் மாட்யூல் என்ற சின்னத் தகட்டைத் திருப்பி ஆலன் கீயால் முடுக்கினால் டிரா லெங்த் மாறும். சிலவற்றில் ஒவ்வோர் அளவுக்கும் தனி மாட்யூல் வாங்க வேண்டும். இன்னும் சிலவற்றில் மாற்றுவதற்கே வில்லை அழுத்தி நாணைத் தளர்த்தும் போ பிரஸ் கருவி வேண்டும். உசிலம்பட்டியில் இருக்கிறவர் ஒரு மாட்யூலுக்காக வில்லைக் கூரியரில் வெளியூர் அனுப்பிக் காத்திருக்கும்படி ஆகக் கூடாது.

மூன்றாம் படி: பவுண்டேஜ்

இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று ஏறத்தாழ 20 கிலோ, அதாவது 44 பவுண்டு. 45 பவுண்டு வில் என்றால் ஒவ்வோர் அம்புக்கும் அந்தக் கேன் அளவு பாரத்தை முதுகுத் தசையால் இழுக்கிறீர்கள். 70 பவுண்டு என்றால் ஒன்றரைக் கேன். போட்டித் தகுதிச் சுற்றில் 50 மீட்டரிலிருந்து 80 செ.மீ. டார்கெட்டில் 72 அம்பு. 40 பவுண்டு வில்லிலேயே அது 1,300 கிலோவுக்கு மேல் கூட்டுகிறது, பயிற்சி அம்புகள் தனி. உலக வில்வித்தை விதிப்படி காம்பவுண்டுக்கு உச்சவரம்பே 60 பவுண்டுதான். 70 பவுண்டு வில்லை முழுதும் முடுக்கி வைத்துக்கொண்டு நீங்கள் எந்த டார்கெட் போட்டிக்கும் போக முடியாது.

தொடக்கத்துக்குச் சரியாக வரும் எடைகள், பவுண்டில்: பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 10 முதல் 20, பெண்களுக்கும் வளரும் பையன்களுக்கும் 25 முதல் 35, நல்ல உடல்வாகுள்ள ஆண்களுக்கு 35 முதல் 45. ஜிம்மில் பெஞ்ச் பிரஸ் போடுகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தத் தசை தள்ளும் தசை, இது இழுக்கும் தசை. நாற்பதாவது அம்பில் தெரியும்.

சோதிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போதும். டார்கெட்டுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, அம்பு பூட்டி, இரண்டு பாதத்தையும் தரையிலிருந்து லேசாகத் தூக்குங்கள். வில்லைத் தோள் மட்டத்திலேயே வைத்து நேராக இழுங்கள். இடுப்பை ஆட்டாமல், வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்காமல் வந்ததா? முழு இழுவையில் நிதானமாக இருபது எண்ணுங்கள். பிறகு எய்யாமல் மெல்ல இறக்குங்கள். இறக்கும்போது பள்ளத்திலிருந்து மேடேறும் கணத்தில் வில் கையை முன்னால் வெடுக்கென்று பிடுங்கும். அதையும் தாங்க வேண்டும். இப்படி ஐந்து முறை முடிந்தால் அந்தப் பவுண்டேஜ் உங்களுக்குச் சரி. முடியாவிட்டால் ஐந்து பவுண்டு குறையுங்கள்.

வானம் பார்த்து இழுப்பது வெறும் அழகுக் குறைவு இல்லை. அந்த நிலையில் ரிலீசர் தவறித் தட்டினால் அம்பு டார்கெட்டுக்கு மேலாக ஏறி 200 மீட்டருக்கு அப்பால் போய் விழும். அங்கே யார் இருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

பவுண்டேஜைக் குறைக்க லிம்ப் (வில்லின் வளையும் கை) போல்ட்டைத் திருப்ப வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 பவுண்டு மாறும். மேலும் கீழும் ஒரே எண்ணிக்கை; மேலே இரண்டு, கீழே மூன்று என்றால் கைப்பிடிக்கு மேலும் கீழும் சமநிலை கெடும். எத்தனை சுற்று வரை தளர்த்தலாம் என்பது ஒவ்வொரு வில்லின் கையேட்டிலும் இருக்கும். அதைத் தாண்டினால் போல்ட்டின் மரை போதாமல் லிம்ப் பிய்த்துக்கொண்டு வரும். நிஜப் பவுண்டேஜைப் பார்க்கப் பயணப் பெட்டி எடை போடும் கொக்கித் தராசு போதும்: கொக்கியை டி-லூப்பில் மாட்டி மெல்ல இழுத்து, உச்ச எண்ணைக் கிலோவில் குறித்து 2.2-ஆல் பெருக்குங்கள்.

டார்கெட் வில்கள் பலவற்றில் லிம்ப் 40–50, 50–60 என்று பத்துப் பவுண்டு இடைவெளியில்தான் வரும். இப்போது 38 இழுப்பவர் “எப்படியும் ஏறிடுவோம்ல” என்று 50–60 வாங்கினால், முதல் ஆறு மாதம் வில் பையிலேயே தூங்கும்.

நான்காம் படி: வில்லின் உடல்வாகு

ஒரு கேமின் அச்சிலிருந்து மறு கேமின் அச்சு வரை இருக்கும் நீளத்தை ஆக்சில்-டு-ஆக்சில் என்பார்கள். 30 முதல் 33 அங்குலம் வேட்டைக்கென்று செய்த குட்டை வில். மரக்கிளைக்கு நடுவே உட்கார்ந்து எய்ய வசதியானது, கையில் துள்ளும். 36-க்கு மேல் டார்கெட் வில். கனம் கூடும், நிலைத்து நிற்கும், முழு இழுவையில் நாணின் மடிப்பு அகலமாக இருப்பதால் முகத்தில் நன்றாகப் படியும். 28, 29 அங்குலம் இழுக்கும் உயரமானவர் 31 அங்குலக் குட்டை வில்லை வாங்கினால், நாண் கூராக மடிந்து பீப் சைட் (நாணில் கட்டிய பார்வை ஓட்டை) கண்ணுக்கு எட்டாமல் தலையைக் குனிய வைக்கும். பெரியவர்களின் முதல் வில்லுக்கு 33 முதல் 36 நல்ல இடம்.

பிரேஸ் ஹைட் என்பது கைப்பிடிக்கும் சும்மா இருக்கும் நாணுக்கும் உள்ள தூரம். 6 அங்குல வில் வேகம் தரும். ஆனால் அம்பு நாணோடு அதிக தூரம் ஒட்டிக்கொண்டு வருவதால், விடும்போது கை அசைந்தால் அந்த அசைவும் சேர்ந்தே போகும். 7 அங்குலமும் அதற்கு மேலும் தப்பை மன்னிக்கும். 7-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

விளம்பர வேகம் 70 பவுண்டில், 30 அங்குல இழுவையில், 350 கிரெய்ன் எடையுள்ள அம்பில் அளந்தது. இழுவையில் ஓர் அங்குலம் குறைந்தால் நொடிக்குச் சுமார் 10 அடி வேகம் குறையும். 330 என்று எழுதிய வில் 27 அங்குலம், 40 பவுண்டில் 250 பக்கத்தில் வந்தாலே பெரிது. 50 மீட்டருக்கு அது தாராளம். லெட்-ஆஃப் 65-லிருந்து 85, 90 வரை கிடைக்கும். புதியவருக்கு 75, 80 சுகம். அதிக லெட்-ஆஃப் வில்லில் கை கொஞ்சம் அசந்தால் நாண் முன்னால் ஊர்ந்துவிடும், அம்பு மேலே கீழே சிதறும்.

வில்லின் கனத்தையும் கேளுங்கள். வெறும் வில் 1.6 முதல் 2 கிலோ. சைட் (குறி பார்க்கும் கருவி), ஸ்டெபிலைசர் (ஆட்டத்தைக் குறைக்கும் தண்டு) எல்லாம் ஏறினால் இரண்டரை, மூன்று. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் நீட்டிய கையில் அது என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள்.

எதை வாங்குவது?

சந்தையில் இரண்டு சாதி இருக்கிறது. ஒன்று, வளரும் வில்: டயமண்ட் இன்ஃபினிட் எட்ஜ் ப்ரோ 13 முதல் 31 அங்குலம், 5 முதல் 70 பவுண்டு, பேர் க்ரூஸர் ஜி2 12 முதல் 30 அங்குலம், 5 முதல் 70 பவுண்டு. அண்ணன் தங்கை அப்பா மூவரும் ஆளுக்கொரு நேரம் மாற்றி எய்யலாம். ஆனால் இவை குட்டை வில்கள், வால் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், குறைந்த பவுண்டேஜில் கேம் சுறுசுறுப்பாக இராது. இன்னொன்று, ஹாய்ட், மேத்யூஸ், பி.எஸ்.இ. போன்றவர்களின் நீளமான டார்கெட் வில்கள்: கல் மாதிரி வால், குறுகிய அளவு வரம்பு, கனத்த விலை.

பதினாறு வயதுக்குக் கீழே என்றால் யோசிக்காமல் வளரும் வில். ஓர் ஆண்டில் கை ஓர் அங்குலத்துக்கு மேல் நீளும். வளர்ச்சி முடிந்தவர், மாநிலப் போட்டி வரை போகும் எண்ணம் இருந்தால், நடுத்தர விலை டார்கெட் வில்லில் 40–50 லிம்ப் எடுப்பது மேல்; இடையில் ஒரு வில் வாங்கி விற்கும் நஷ்டம் மிச்சம். அகாடமியில் கோச்சும் மற்றவர்களும் எந்தக் கம்பெனி வைத்திருக்கிறார்களோ அதுவே உங்களுக்கும் நல்லது. மாட்யூல் கடன் கிடைக்கும், நாண் அளவு தெரிந்திருக்கும், அவர்களிடம் இருக்கும் போ பிரஸ் அதற்குப் பொருந்தும்.

இலைதழை போட்ட கேமோ நிறம் மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்துவிடாதீர்கள். உலக வில்வித்தைப் போட்டிகளில் கேமோ நிறச் சாமானுக்கு அனுமதி இல்லை. கூடவே பிளேடு வைத்த பிராட்ஹெட் முனையைச் சிலர் இலவசம் என்று தருவார்கள். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி வேட்டை குற்றம், கண்மாய்க்கரை மயிலும் அதில் அடக்கம். வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பணத்தை வில்லிலேயே முடித்துவிடக் கூடாது. கையில் இருப்பதில் பாதி வில்லுக்கு, பாதி மற்றதுக்கு என்று ஒதுக்குங்கள்.

பழைய வில்லானால்

கையில் கொஞ்சம் பஞ்சு எடுத்துப் போங்கள். லிம்ப்பின் முன், பின், ஓரங்கள் எல்லாவற்றிலும் பஞ்சை மெல்ல ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத சிலும்பு இருந்தால் பஞ்சு இழை அதில் சிக்கி நிற்கும். சிக்கினால் வில்லை வைத்துவிட்டு வந்துவிடுங்கள், விலை பேச வேண்டாம். அடுத்து, கேமின் விளிம்பில் நாண் ஓடும் பள்ளத்தை நகத்தால் தடவுங்கள். நெளிவோ வெட்டோ இருந்தால் அந்த வில் அம்பு பூட்டாமல் வெறும் நாணில் ஒருமுறை விடப்பட்டிருக்கலாம். அச்சு முனையில் கிளிப் இருக்கிறதா, நாணில் மயிர் மயிராகப் பிரிகிறதா, நாணைச் சுற்றிய சர்விங் நூல் விலகி உள்ளிழை தெரிகிறதா என்று பாருங்கள். நாணும் கேபிளும் (இரண்டு கேமையும் இணைக்கும் கயிறு) மூன்று ஆண்டுக்கு மேல் பழசு என்றால் புதுசின் விலையைக் கழித்தே பேசுங்கள். கடைசியாக, மாட்யூலில் எழுதியிருக்கும் எழுத்தை வைத்து உங்கள் டிரா லெங்த் அதில் வருமா என்று உறுதி செய்யுங்கள்.

சாமான்கள்

ரெஸ்ட்: அம்பு உட்காரும் இடம். வட்ட பிரிஸ்டில் வைத்த விஸ்கர் பிஸ்கெட்டில் அம்பு கீழே விழாது, கெட்டுப்போக எதுவும் இல்லை. அம்பின் பின்னால் உள்ள வேன் (சிறகு) கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதான். முதல் ஆண்டுக்கு அதுவே போதும்.

ரிலீசர்: மணிக்கட்டுப் பட்டையில் ஆள்காட்டி விரல் டிரிகர் எளிது. ஆனால் டார்கெட் நடுவிலுள்ள மஞ்சள் வட்டம் குறியில் வந்ததும் டிரிகரைத் தட்டிவிடும் கெட்ட பழக்கம் அதில் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும், விடுவது சிரமம். கையில் பிடித்துக் கட்டை விரலால் விடும் வகைக்கே எங்கள் ஓட்டு. எதுவானாலும் டிரிகரைக் கொஞ்சம் கனமாக வையுங்கள். இழுத்து முடியும் வரை விரல் டிரிகருக்குப் பின்னால் இருக்கட்டும். இழுக்கும் வழியில் தட்டிவிட்டால் உங்கள் கையே வாயில் வந்து குத்தும்.

சைட்டில் நீர்மட்டக் குமிழி கட்டாயம். வில் சாய்ந்தால் அம்பும் அந்தப் பக்கம் போகும். லென்ஸ் இப்போது வேண்டாம், கை நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டி மிரட்டும். ஸ்டெபிலைசர் 10, 12 அங்குலத்தில் ஒன்று போதும்.

அம்பில் கஞ்சத்தனம் கூடாது. கார்பன் அம்பில் எழுதியிருக்கும் 500, 600 என்பது ஸ்பைன். 28 அங்குல இடைவெளியில் தாங்கி, நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் அம்பு எத்தனை அங்குலம் வளைகிறது என்பதன் ஆயிரம் மடங்கு. எண் பெரிதானால் அம்பு தொளதொளப்பு. டிரா லெங்த், பவுண்டேஜ், அம்பின் நீளம், முனையின் எடை நான்கையும் வைத்துக் கம்பெனி அட்டவணையில் பாருங்கள். இரண்டுக்கு நடுவில் வந்தால் விறைப்பானதை எடுங்கள். எடையும் முக்கியம்: ஒரு பவுண்டுக்கு 5 கிரெய்ன் என்பது அடிமட்ட எல்லை. அதற்குக் கீழே போனால் வில்லுக்கு வெறும் நாண் விட்டது மாதிரி அடி விழும். 40 பவுண்டு வில்லுக்கு 200 கிரெய்ன் எல்லை; 280 முதல் 300 எடுங்கள். 300 கிரெய்ன் என்றால் 19.4 கிராம். கிரெய்ன் தராசு இல்லையென்றால், தெற்காவணி மூல வீதியில் தெரிந்த நகைக்கடை ஒன்றில் பன்னிரண்டு அம்பையும் போட்டுப் பார்க்கலாம். சிரித்தாலும் போட்டுத் தருவார்கள். ஒன்றுக்கொன்று கால் கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதைத் தனியே வையுங்கள். முழுதும் இழுத்த நிலையிலும் அம்பு ரெஸ்ட்டைத் தாண்டி ஓர் அங்குலம் முன்னால் நிற்க வேண்டும். குட்டையான அம்பு ரெஸ்ட்டிலிருந்து நழுவினால் பாயும் இடம் உங்கள் இடக்கை.

வில் வந்ததும்

பெட்டியைப் பிரித்ததும் வீட்டில் எல்லாரும் இழுத்துப் பார்க்க ஆசைப்படுவார்கள். அம்பில்லாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். மச்சான் ஆர்வமாக இழுத்து விரலை விட்டால் அந்த விசை முழுக்க வில்லுக்குள்ளேயே திரும்பும்: நாண் கேமைவிட்டுத் தெறிக்கும், கேம் நெளியும், லிம்ப் வெடிக்கும். வாரன்டியில் இதற்கு இடமில்லை.

நாக் நாணில் எப்படிக் கவ்வுகிறது என்று பாருங்கள். அம்பைப் பூட்டித் தொங்கவிட்டு நாணை விரலால் லேசாகத் தட்டினால் அம்பு கழன்று விழ வேண்டும். தட்டாமலே விழுந்தால் தளர்வு. இழுக்கும்போது கழன்றால் அதுவும் வெறும் நாண்தான். டி-லூப் கயிற்றின் இரண்டு முனையும் லைட்டரில் உருகி மிளகு போல உருண்டு இருக்க வேண்டும். உருண்டை சின்னதாக இருந்தால் முடிச்சு நழுவி, முழு இழுவையில் கை முகத்தில் அடிக்கும். ரெஸ்ட்டை ரைசரிலிருந்து அம்பின் மையம் 20, 21 மி.மீ. தள்ளி வரும்படி வையுங்கள். இது தொடக்க அளவு. மிச்சத்தைக் கோச் பேப்பர் டியூனிங்கில் (காகிதத்தில் எய்து கிழிசலைப் பார்த்து) சரி செய்வார்.

முதல் வாரம் ஐந்து மீட்டரில் மட்டும், ஒரு நாளைக்கு முப்பது அம்பு. சைட்டைப் பார்க்காமல், பெரிய டார்கெட்டில், இழுத்து விடும் வரிசையை மட்டும் பழகுங்கள். அதன்பின் 10, 18, 30. ஒவ்வொரு முறை அம்பைப் பிடுங்கியதும் இரு முனையும் பிடித்து லேசாக வளைத்துக் காதருகே வையுங்கள். சரசரவென்று சத்தம் வந்தால் அந்தக் கார்பனை அங்கேயே உடைத்துப் போடுங்கள். விரிசல் அம்பு நாணிலிருந்து கிளம்பும்போதே சிதறி, வில் பிடித்த கையில் ஏறும்.

எங்கே எய்வது, எப்படி வைப்பது

மொட்டை மாடியும் தெருமுனைக் காலிமனையும் கூடாது. வற்றிய கண்மாயில் கரையைத் தடுப்பாக வைத்து எய்யலாம் என்று தோன்றும். கரைக்கு அந்தப்பக்கம் ஆடு மேய்ப்பவர் ஏறி வருவது உங்களுக்குத் தெரியாது. வேலி போட்ட மைதானத்தில், கோச் இருக்கும்போது மட்டும். டார்கெட்டுக்குச் சோழவந்தான், மேலூர் பக்கம் கிடைக்கும் வைக்கோல் கட்டு போதுமே என்பார்கள். மிஷின் கட்டு தொளதொளப்பு, அம்பு ஊடுருவிப் போய்விடும். சாக்கில் பனியன் வேஸ்ட்டை இடித்து இடித்துத் திணித்துத் தைத்தால் 40 பவுண்டு வில்லின் அம்பு நிற்கும், பிடுங்கவும் எளிது. அழுத்திக் கட்டிய ஃபோம் என்றால் 20 செ.மீ.க்குக் குறையாத தடிமன் வேண்டும்.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமாம், 19 கிராம் அம்பு எந்த மூலை. ஆடி மாதத்தில் சைட்டைத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள். இன்று காற்றுக்குத் திருகியது நாளைக்கு இடைஞ்சல்.

மதுரை வெயில்தான் வில்லுக்கு நிஜமான எதிரி. கத்திரி வெயிலில் கண்ணாடி ஏற்றிய காரில் வில்லை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், லிம்ப்பின் ஒட்டுப் பசை இளகும், நாண் நீளும். நாண் நீண்டதற்கு முதல் அறிகுறி பீப் சைட்: நேற்று வரை கண்ணுக்கு நேராக வந்த ஓட்டை இன்று பக்கவாட்டில் திரும்பி நிற்கும். கேமில் உள்ள குறிக்கோடுகளும் கேபிளோடு ஒத்து வராது. புது நாணில் முதல் 200, 300 அம்புக்குள் இது கொஞ்சம் நடப்பது இயல்பு, அப்போது ஒருமுறை பிரஸ்ஸில் போட்டு முறுக்கைச் சரி செய்துகொள்ள வேண்டும். பிரஸ் இல்லாமல் அச்சைத் தட்டிக் கழற்றுகிற வேலையை ஒருநாளும் செய்யாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாணுக்கு வாக்ஸ் தடவி, விரல்களுக்கு நடுவே சூடு தெரியும் வரை தேயுங்கள். சர்விங் சுற்றிய இடத்தில் தடவாதீர்கள். பஸ்ஸில் போனால் வில்லை உறையில் போட்டு மடியில் வையுங்கள், மேல் கேரியரில் வேண்டாம். மேலே ஒருவர் வாழைத்தார் வைத்தால் கேம் வளைந்துவிடும்.